டயட் சோடாவை விட்டுத் தண்ணீருக்குத் திரும்புதல்

எடையைக் குறைக்க முனையும் ஒருவர் சர்க்கரை கலந்த குளிர்பானத்தை நிறுத்திவிட்டு டயட் சோடாவுக்கு மாறுவது பெரும்பாலும் நல்ல முடிவாகவே அமைகிறது. ஆனால் அந்த டயட் சோடா சிறிது சிறிதாகத் தண்ணீர் இருந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும்போது, அதனால் எடை குறைப்புக்குக் கிடைத்துவந்த உதவி நின்றுபோவதோடு, பல்லுக்கும் தூக்கத்துக்கும் பணப்பைக்கும் புதிய சுமைகளும் சேர்கின்றன. நாளொன்றுக்கு இரண்டு மூன்று பாட்டில் என்ற நிலைக்கு வந்துவிட்டவர், தலைவலியும் சலிப்பும் மிகாமல் ஏறத்தாழ நான்கு வாரத்தில் தண்ணீருக்குத் திரும்புவதற்கான வரிசையை இந்த இயல் தருகிறது. எடுத்துக்காட்டுகள் காஞ்சிபுரம் நகரையும், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் முதலிய சுற்றூர்களையும் கருத்தில் கொண்டு அமைந்துள்ளன. நாள் முழுவதும் தறியில் அமர்ந்திருக்கும் வேலையும், உவர்ப்பேறிய நிலத்தடி நீரும், தேநீர்ப் பழக்கமும், திருவிழாக்களும் சேர்ந்து இங்கு இந்தச் சிக்கலுக்குத் தனி வடிவம் தருகின்றன.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

கரியமில வாயு ஏற்றிய நீரில் அமிலம், மணமூட்டி, நிறமூட்டி ஆகியவற்றோடு, சர்க்கரைக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பூட்டியைச் சேர்த்து ஆக்கப்படுவதே டயட் சோடா ஆகும். செயற்கை இனிப்பூட்டி என்பது மிகச் சிறிய அளவிலேயே மிகுந்த இனிப்பைத் தரும் பொருள். அஸ்பார்டேம் சர்க்கரையைவிட ஏறத்தாழ 200 மடங்கும், சுக்ரலோஸ் ஏறத்தாழ 600 மடங்கும் இனிப்பானவை என்பதால், பாட்டிலில் கலக்கப்படும் அளவு கலோரிக் கணக்கில் பொருட்படுத்தத் தக்கதாக இருப்பதில்லை. (இந்நூலில் கலோரி என்பது வழக்கப்படி கிலோ கலோரியையே குறிக்கும்.)

சாதாரண கோலா பானத்தில் 100 மி.லி.க்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை உள்ளது; ஆகவே 250 மி.லி. பாட்டில் ஒன்றில் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரையும் 105 கலோரியும் இருக்கும். நாள்தோறும் இதைக் குடித்துவந்தவர் டயட் சோடாவுக்கு மாறினால் மாதத்துக்கு 3,000 கலோரிக்கு மேல் மிச்சமாகிறது. உடற்கொழுப்பு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று கொண்டால், இது தாளில் 400 கிராம் எடைக்குச் சமம். ஆனால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் டயட் சோடாவுக்கு மாறினால் மிச்சமாவது ஒன்றுமில்லை, ஏனெனில் தண்ணீரிலும் கலோரி இல்லை. இந்த இயலின் எல்லா அறிவுரைகளும் இந்த எளிய கணக்கிலிருந்தே பிறக்கின்றன: டயட் சோடா சர்க்கரை பானத்துக்கு மாற்றே தவிர, தண்ணீருக்கு மாற்று அன்று.

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் வாசகர் அறிந்திருப்பது நல்லது. ஈரானில் எடை மிகுந்த 62 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், மதிய உணவுக்குப் பின் தண்ணீர் குடித்தவர்கள் 24 வாரத்தில் சராசரியாக 8.8 கிலோவும், டயட் பானம் குடித்தவர்கள் 7.6 கிலோவும் குறைந்தனர். அமெரிக்காவில் 303 பேரைக் கொண்டு நடந்து 2016இல் வெளியான ஓராண்டு ஆய்விலோ டயட் பானம் குடித்தவர்களே கூடுதலாகக் குறைந்தனர். இந்த இரண்டாவது ஆய்வுக்கு அந்நாட்டுக் குளிர்பானத் தொழிலமைப்பு நிதி அளித்தது என்பதும், அதில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே டயட் பானம் குடித்துப் பழகியவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கவை. பழகிய பானத்தை ஒரே நாளில் பறித்தால் மனிதர் தடுமாறுவார் என்பதே அதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எனலாம். டயட் சோடா உடலைப் பருக்கவைக்கிறது என்று அடித்துச் சொல்வது சரியன்று. அது தானாகவே இளைக்கவைக்கும் என்று நம்புவதும் சரியன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம், எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சர்க்கரையல்லா இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை விலக்கி, நிபந்தனைக்கு உட்பட்ட பரிந்துரை ஒன்றை வெளியிட்டது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டுதல்களும், வாயு ஏற்றிய பானங்கள் தண்ணீருக்கோ பழத்துக்கோ ஈடாகா என்றே கூறுகின்றன.

படி 1: மூன்று நாள் கணக்கு எழுதுதல்

முதல் மூன்று நாளும் எதையும் மாற்றாமல், வாய்க்குள் போகும் ஒவ்வொரு பானத்தையும் ஒரு சிறு நோட்டில் எழுதிவர வேண்டும். நேரம், பானம், அளவு, கூடவே தின்ற பொருள், குடிக்கத் தூண்டியது எது என ஐந்து பத்திகள் போதும். தூண்டியது எது என்ற ஐந்தாம் பத்தியே இவற்றுள் முதன்மையானது. தாகம், தூக்கக் கலக்கம், சலிப்பு, துணைக்கு வந்தவர் வாங்கிக் கொடுத்தது, வீட்டுத் தண்ணீர் உவர்ப்பாக இருப்பது என்று காரணங்கள் பலவாக இருக்க, காரணத்துக்கு ஏற்ப மருந்தும் வேறுபடும்.

இதில் மூன்று செய்திகளைத் தனியே கூட்டிப் பார்க்க வேண்டும்.

1. நாளுக்கு எத்தனை மி.லி. டயட் சோடா, எத்தனை மி.லி. வெறும் தண்ணீர் என்பது.
2. டயட் சோடாவோடு சேர்த்துத் தின்ற பண்டம் எவ்வளவு என்பது. 50 கிராம் மிக்சரில் 250 கலோரிக்கு மேல் இருப்பதால், சர்க்கரை பானத்தைத் தவிர்த்து மிச்சப்படுத்திய 105 கலோரி அங்கேயே இருமடங்காகத் திரும்பிவிடுகிறது.
3. தேநீரிலும் காபியிலும் சேரும் சர்க்கரை எவ்வளவு என்பது.

மூன்றாவதே பலருக்கு வியப்பளிக்கும். கடைத் தேநீர் ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று கொண்டால், ஐந்து தேநீரில் 50 கிராம் சர்க்கரையும் 200 கலோரியும் சேர்கின்றன. குளிர்பானச் சர்க்கரைக்கு அஞ்சி டயட் சோடா வாங்குபவர், அதைப் போல இருமடங்குச் சர்க்கரையைத் தேநீரில் கவனியாமல் விட்டிருக்கக்கூடும்.

குறிப்பு: மூன்று நாளில் ஒன்றாவது விடுமுறை நாளாகவோ விசேஷ நாளாகவோ இருக்குமாறு பார்த்துக்கொண்டால் கணக்கு உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

படி 2: தண்ணீரைச் சரிசெய்தல்

டயட் சோடாவைக் குறைப்பதற்கு முன்பே தண்ணீரைக் குடிக்கத் தக்கதாக ஆக்கிவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள் இரண்டாம் நாளே பழைய பாட்டிலுக்குத் திரும்புவது இயல்பு. நல்ல குடிநீரை மருத்துவத்தின் பகுதியாகவே கருதிய மரபு இந்த ஆற்றங்கரைக்கு உண்டு. திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ஏறத்தாழ கி.பி. 1068இல், அங்கு வீரசோழன் என்ற பெயரில் இயங்கிய ஆதுலர்சாலையை, அதாவது மருத்துவமனையை, விரித்துரைக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட அச்சாலையில் மருத்துவர், அறுவை மருத்துவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள், நாவிதர் ஆகியோரோடு தண்ணீர் கொணர்பவர் ஒருவரும் பணியாளராக நியமிக்கப்பட்டிருந்தார். ஏலக்காயும் வெட்டிவேரும் இட்டு மணமூட்டிய நீருக்கும் அக்கல்வெட்டில் ஏற்பாடு உண்டு. தண்ணீர் இனிமையாக இருந்தால்தான் குடிக்கப்படும் என்ற அந்த நடைமுறை அறிவு இன்றைக்கும் அப்படியே பயன்படுவது.

செய்யும் முறை:

1. முதலில் சுவையைச் சோதிக்க வேண்டும். நீர் உவர்ப்பாக இருந்தால், கொதிக்கவைத்தாலும் உவர்ப்பு நீங்காது. கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லுமே ஒழிய, கரைந்த உப்பை அகற்றாது. இந்திய தரநிலை ஐ.எஸ். 10500, குடிநீரில் கரைந்த திடப்பொருளின் விரும்பத்தக்க அளவை லிட்டருக்கு 500 மி.கி. என வகுத்துள்ளது; மாற்று நீர் கிடைக்காத நிலையில் 2,000 மி.கி. வரை ஏற்கலாம் என்கிறது. வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் இதற்கு மேல் இருக்குமானால், குழாயில் வரும் குடிநீரையோ சுத்திகரித்த நீரையோ குடிப்பதற்கென்று ஒதுக்கி, கிணற்று நீரை மற்ற வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

2. கேன் தண்ணீர் வாங்குபவர், மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் நிரப்பிய நாளும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். கேனை வெயில் படும் வாசலில் வைக்கலாகாது.

3. கொதித்து ஆறிய நீரை மண்பானையில் ஊற்றி வைத்தால், கசிந்து ஆவியாகும் ஈரம் நீரைக் குளிர்விக்கும். பானையை நாள்தோறும் கழுவி மூடிவைப்பதோடு, கையை உள்ளே விடாமல் நீளக் காம்புள்ள கரண்டியாலோ குழாயாலோ நீர் எடுக்க வேண்டும்.

4. மணத்துக்காகச் சுத்தமாகக் கழுவி உலர்த்திய வெட்டிவேர் ஒரு சிறு முடிச்சை மெல்லிய துணியில் கட்டிப் பானைக்குள் இடலாம். அதை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காயவைத்து, வழவழப்போ நாற்றமோ தோன்றினால் உடனே எறிந்துவிட வேண்டும். இதற்கு மாற்றாக லிட்டருக்கு அரைத் தேக்கரண்டிச் சீரகம் இட்டுக் கொதிக்கவைத்த நீரும், தட்டிய ஏலக்காய் ஒன்றிரண்டு போட்ட நீரும் ஏற்றவை. இவற்றில் சர்க்கரையோ தேனோ சேர்த்தால் முயற்சியின் பயன் கெட்டுப்போகும்.

5. டயட் சோடாவின் சுறுசுறுவென்ற வாயுவையே நாக்கு நாடுகிறது என்றால், இனிப்பும் உப்பும் இல்லாத வெறும் சோடாவை வாங்கி அரை எலுமிச்சையைப் பிழிந்து குடிக்கலாம். கோலி சோடாக் கடையில் பன்னீர் சோடாவும் இனிப்பு எலுமிச்சை சோடாவும் சர்க்கரைப் பாகு கலந்தவை என்பதை மறக்கலாகாது. உப்பு சோடா இரத்த அழுத்தம் உள்ளவருக்கு ஏற்றதன்று.

படி 3: தண்ணீருக்கு நேரம் குறித்தல்

தாகம் எடுக்கும்போது குடிப்போம் என்று விட்டுவிட்டால், தறி வேலையில் மூழ்கிவிட்டவருக்குத் தாகமே தெரியாமல் நண்பகலாகிவிடும். பிறகு எழுந்து கடைக்குப் போகும்போது குளிர்ந்த பாட்டில்தான் கண்ணில் படும். ஆகவே வேலையின் இயல்பான முறிவுகளோடு தண்ணீரை இணைத்துவிட வேண்டும்.

1. காலையில் எழுந்தவுடன் ஒரு டம்ளர்.
2. தறியில் இறங்குமுன் ஒரு டம்ளர்.
3. ஊடை நூல் மாற்றும்போதோ அறுந்த இழையை முடிந்து முடித்தபோதோ சில மடக்கு.
4. காலை, பகல், இரவு உணவுக்கு அரைமணி நேரம் முன்பு ஒன்றிரண்டு டம்ளர்.

நான்காவது பழக்கத்துக்கு ஆய்வுத் துணையும் உண்டு. 55 வயதுக்கு மேற்பட்ட எடை மிகுந்தோரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், குறைந்த கலோரி உணவோடு ஒவ்வொரு வேளைக்கும் முன்பு அரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்கள், அதே உணவை மட்டும் உண்டவர்களைவிட 12 வாரத்தில் ஏறத்தாழ 2 கிலோ கூடுதலாகக் குறைந்தனர். சோறு வேண்டிய அளவுக்கு மேல் போகும் வழக்கமுள்ளவர் இதை முதலில் முயன்று பார்ப்பது பயன் தரும்.

நாளுக்கு இத்தனை லிட்டர் என்று எல்லார்க்கும் பொதுவாக விதிப்பதைவிட, சிறுநீரின் நிறத்தை அளவுகோலாகக் கொள்வதே எளிது: வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான நீர் உடலில் உள்ளது, அடர் மஞ்சளாக இருந்தால் குறைவு. நலமுள்ள பெரியவருக்கு ஏறத்தாழ 2 லிட்டர் என்பது தொடக்க அளவு. கத்திரி வெயிலில், காற்றோட்டம் குறைந்த தறிக்கூடத்தில் வியர்ப்பவருக்கு அது 3 லிட்டர் வரை போகலாம்.

தறிக்கு அருகில் நீர் வைப்பது பற்றி: பட்டுப் பாவின் மேலும் ஜரிகையின் மேலும் ஒரு சொட்டு நீர் பட்டாலும் கறை விழுந்து உழைப்பு வீணாகும் என்பதால், வாய் அகன்ற சொம்பைத் தவிர்த்து, திருகு மூடியுள்ள பாட்டிலைத் தறிக் குழிக்குப் பின்புறம், கை நீட்டி எடுக்கும் தொலைவில், தரையில் வைக்க வேண்டும். குடிப்பவர் பாவுக்கு எதிர்ப்புறம் திரும்பிக்கொண்டே மூடியைத் திறக்க வேண்டும். திறந்தவுடன் நுரைத்துச் சிதறும் சோடா பாட்டிலைவிடத் தண்ணீர் பாட்டில் இந்த வகையிலும் பாதுகாப்பானது. மீண்டும் மீண்டும் சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும் என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது, குறிப்பாகப் பெண்களிடம், சிறுநீர்த் தொற்றுக்கும் கல்லடைப்புக்கும் வழிவகுக்கும். மணிக்கணக்கில் குனிந்து அமர்ந்திருக்கும் இடுப்புக்கும் அப்படி எழுவது நன்மையே செய்கிறது.

படி 4: டயட் சோடாவைப் படிப்படியாகக் குறைத்தல்

கோலா வகை டயட் சோடாவில் காஃபீன், அதாவது காபியிலும் தேநீரிலும் உள்ள தூண்டற்பொருள், இருக்கிறது. அதைத் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் சோர்வும் எரிச்சலும் தொடங்கிச் சில நாள் நீடிக்கலாம். இதை உடல் பலவீனம் என்று தவறாக எண்ணிப் பலர் முயற்சியைக் கைவிடுகின்றனர். நாளுக்கு மூன்று பாட்டில் குடிப்பவருக்கான வரிசை பின்வருமாறு அமையலாம்.

முதல் வாரம்: எண்ணிக்கையைக் குறைக்காமல், ஒவ்வொரு பாட்டிலுக்கும் முன்பு ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தாகத்தால் குடித்த பாட்டில் எது, பழக்கத்தால் குடித்தது எது என்பது இந்த வாரத்திலேயே தெளிவாகிவிடும்.

இரண்டாம் வாரம்: மாலை 4 மணிக்குப் பிந்திய பாட்டிலை நிறுத்த வேண்டும். காஃபீனின் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாவதால் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்ட மறுநாள் பசியும் இனிப்பு நாட்டமும் மிகுகின்றன. முதலில் போக வேண்டியது இந்தப் பாட்டிலே.

மூன்றாம் வாரம்: உணவோடு குடிக்கும் பாட்டிலை நிறுத்தி, அந்த இடத்தில் தண்ணீரோ, வெண்ணெய் எடுத்துக் கறிவேப்பிலை, இஞ்சி தட்டிப்போட்ட நீர்மோரோ வைக்க வேண்டும்.

நான்காம் வாரம்: எஞ்சிய ஒன்றை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டாக்கலாம். முழுவதும் நிறுத்துவது விரும்பத்தக்கது. எனினும் வாரம் ஒரு பாட்டில் குடிப்பவர் தோற்றுவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. அந்த ஒரு பாட்டிலைத் தடுத்ததால் சர்க்கரை கோலாவுக்கு ஒருவர் திரும்புவாராயின், டயட் சோடாவே மேல்.

குறிப்பு: வீட்டில் இரண்டு லிட்டர் பாட்டில் வாங்கி வைப்பதை முதல் வாரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். வேண்டுமென்றால் நடந்துபோய்ச் சிறிய பாட்டில் ஒன்று வாங்கும் நிலை இருந்தால், பாதி ஆசை தெருமுனையிலேயே அடங்கிவிடும்.

படி 5: மிச்சமான கவனத்தைத் தேநீரின் மேல் திருப்புதல்

டயட் சோடாவைக் குறைப்பதால் நேரடியாகக் கலோரி குறைவதில்லை என்பதால், எடை இறங்க வேண்டுமானால் வேறோர் இடத்தில் கலோரி குறைந்தாக வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் தேநீர்ச் சர்க்கரையே. இரண்டு தேக்கரண்டியை ஒன்றரை, ஒன்று, அரை என்று பத்து நாளுக்கு ஒருமுறை குறைத்துவந்தால் நாக்கு பழகிவிடும். கடையில் சர்க்கரை குறைவாக என்று மட்டும் சொன்னால் மாஸ்டரின் கை வழக்கப்படியே போகும். சர்க்கரை தனியாக வேண்டும் என்று கேட்டு வாங்கித் தானே கலந்துகொள்வதே உறுதியான வழி. ஐந்து தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்கினால் நாளுக்கு 100 கலோரி குறைகிறது. இது ஒரு சர்க்கரை கோலாவை விட்டதற்குச் சமம்.

படி 6: எடையைப் பார்த்தல்

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலைக்கடன் முடித்து எதுவும் உண்ணாமல், ஒரே எடைப்பொறியில் நிற்க வேண்டும். நாள்தோறும் பார்ப்பவருக்கு உடலில் நீர் ஏறி இறங்குவதால் வரும் வேறுபாடே பெரிதாகத் தோன்றி மனம் சோரும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது நல்ல வேகம். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை அளந்து எழுதுவதும் வேண்டும்; ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பவை இந்தியர்க்கு எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன.

பாட்டில் மேலுள்ள எழுத்தைப் படித்தல்

டயட், ஜீரோ, லைட் என்ற பெயர்கள் முன்புறத்தில் எப்படி அச்சிடப்பட்டிருந்தாலும், பின்புறத்திலுள்ள அட்டவணையில் 100 மி.லி.க்கு எத்தனை கலோரி, எத்தனை கிராம் சர்க்கரை என்பதையே பார்க்க வேண்டும். இந்திய விதிகளின்படி சர்க்கரை இல்லை என்று உரிமை கொண்டாட 100 மி.லி.க்கு அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கலாகாது. சர்க்கரை குறைவு என்ற சொல்லுக்கோ 2.5 கிராம் வரை இடமுண்டு. இனிப்பூட்டிகள் பெரும்பாலும் எண்ணாகவே எழுதப்படுகின்றன: 950 என்றால் அசெசல்ஃபேம் பொட்டாசியம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 சீனித்துளசியிலிருந்து எடுக்கப்படும் ஸ்டீவியா. 338 என்பது பல்லின் மேற்பூச்சை அரிக்கக்கூடிய பாஸ்போரிக் அமிலம். பழச்சாறு என்ற பெயரில் விற்கும் பல பாட்டில்களில் சர்க்கரை கோலாவுக்கு இணையாக உள்ளது என்பதும் இந்த அட்டவணையைப் பார்த்தால் தெரியவரும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

சோடாவில் மிச்சம் பிடித்ததைச் சொல்லிக்கொண்டு கூடுதலாக ஒரு போண்டாவோ, நெய் மணக்கும் காஞ்சிபுரம் இட்லியில் இன்னொரு துண்டோ தின்பதே இவற்றுள் மிகப் பெரிய தவறு. டயட் சோடா குடித்தும் எடை இறங்கவில்லை என்று வருந்துவோர் முதலில் சோதிக்க வேண்டியது இதையே.

பசியை அடக்க வாயு பானத்தைக் குடிப்பது இரண்டாவது தவறு. வயிறு உப்பி அரை மணி நேரம் பசி மறைந்தாலும், பிறகு வேளை தவறிய பசி கட்டுக்கடங்காமல் வரும். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு அது மேலும் மிகும்.

ஒரே பாட்டிலை அருகில் வைத்து மூன்று மணி நேரம் சிறிது சிறிதாக உறிஞ்சுவது மூன்றாவது. டயட் சோடாவில் சர்க்கரை இல்லாவிட்டாலும் அமிலம் உண்டு. ஒவ்வொரு மடக்கும் பல்லின் மேற்பூச்சை மீண்டும் அமிலத்தில் நனைக்கிறது. குடிப்பதானால் உணவோடு ஒரே முறையில் குடித்து முடித்து, தண்ணீரால் வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும். அமிலத்தால் மென்மையான பூச்சை உடனே தேய்ப்பது கேட்டை விரைவுபடுத்தும்.

விசேஷ நாள்களில் திட்டத்தையே மறந்துவிடுவதும் உண்டு. வைகாசிக் கருட சேவையன்று காஞ்சிபுரத்தில் வெயிலில் நிற்பவருக்கும், மாட்டுப் பொங்கலன்று வரதராஜப் பெருமாள் பழையசீவரத்துக்கும் திருமுக்கூடலுக்கும் எழுந்தருளும் பார்வேட்டைக்குச் செல்பவருக்கும், வீட்டிலிருந்து ஒரு லிட்டர் நீர் கொண்டுபோவதே எளிய காப்பு. தண்ணீர்ப் பந்தலில் நீர்மோரைத் தயங்காமல் வாங்கலாம். பானகம் வெல்லம் கரைத்தது என்பதால் பிரசாதமாக ஒரு சிறு குவளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பாதுகாப்பு

1. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர், இரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஏற்படும்போது டயட் சோடாவைக் குடித்துப் பயனில்லை. அதில் சர்க்கரையே இல்லை. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். இந்த வேறுபாட்டை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

2. சிறுநீரகச் செயலிழப்போ இதயச் செயலிழப்போ உள்ளவர், இந்த இயலில் சொன்ன தண்ணீர் அளவுகளைப் பின்பற்றாமல் மருத்துவர் குறித்த அளவையே கொள்ள வேண்டும். நலமுள்ளவரும் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கலாகாது. இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து ஆபத்தாகும்.

3. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி வளர்சிதைக் கோளாறு உள்ளவர்க்கு அஸ்பார்டேம் முற்றிலும் ஆகாது. அதிலிருந்து பிரியும் ஃபீனைல் அலனினை அவர்கள் உடலால் கையாள இயலாது. சிறுவர்களுக்கு டயட் சோடா எவ்வகையிலும் தேவையில்லை. கருவுற்ற பெண் காபி, தேநீர், கோலா அனைத்தையும் சேர்த்துக் காஃபீனை நாளுக்கு 200 மி.கி.க்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

4. 2023 ஜூலையில் அஸ்பார்டேம், புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்புள்ளவை என்ற 2பி வகையில் சேர்க்கப்பட்டதைக் கேட்டு அஞ்சுவோர் உண்டு. அந்த வகை, சான்று குறைவாக உள்ளதைக் குறிப்பது. அதே நேரத்தில் உணவுச் சேர்ப்புப் பொருள்களை ஆராயும் பன்னாட்டுக் குழு, உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மி.கி. என்ற பழைய வரம்பை மாற்றாமல் வைத்தது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட, நாளுக்கு 9 முதல் 14 டப்பாவுக்கு மேல் குடிக்க வேண்டும். இதுவரை குடித்ததற்காகக் கலங்க வேண்டியதில்லை.

5. எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்காமல், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்து, முயற்சி செய்யாமலே எடை இறங்குபவர், டயட் சோடாவைக் குறைக்கும் வேலையைத் தள்ளிவைத்து முதலில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். உண்ணாநிலையில் 126 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீரிழிவைக் குறிக்கும் என்பதால் மறுசோதனையும் மருத்துவரின் அறிவுரையும் தேவை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இச்சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் வீட்டுக்கு வரும்போதும் கேட்டுச் செய்துகொள்ளலாம்.